கேட்டால் சொல்லிவிடுவார்

பஸ் எப்போது போய்ச் சேரும் என்று பயணிகள் கேட்டால் கண்டக்டர்கள் எல்லாரும் சொல்கிற பதில் ஒன்றுதான். "இந்தா போயிரும், ஏறுங்க." இது பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. பிழைப்புக்காக நாங்கள் கற்றுக்கொண்ட பாஷை. எங்களில் ஒரு கண்டக்டர் மட்டும் அதைக் கடைசிவரை கற்றுக்கொள்ளவே இல்லை. திருநெல்வேலியிலிருந்து முக்கூடல் வழியாக ஆழ்வார்குறிச்சி போகிற எங்கள் டெப்போ பஸ்ஸின் படியோரம் நின்றுகொண்டு, கேட்டவரிடம் நிதானமாகச் சொல்வார்.

"இது எல்லா ஸ்டாப்புலயும் நிக்கும். ஒன்றரை மணி நேரம் ஆவும். அந்தா நிக்குல்லா பிரைவேட்டு, அதுல ஏறுனீங்கன்னா கால் மணி நேரம் முந்திப் போயிரலாம்."

கேட்டவர் கும்பிடு போட்டுவிட்டு அந்தப் பஸ்ஸுக்கு ஓடுவார். ஒரு நாள் செக்கிங் இன்ஸ்பெக்டர் பின்னாலேயே நின்று இதைக் கேட்டுவிட்டார்.

"ஓய், நீரு நம்ம பஸ்ஸுக்குக் கண்டக்டரா, அவன் பஸ்ஸுக்கா?"

"நம்ம பஸ்ஸுக்குத்தான் சார்."

"பெறகு ஏன்வே அவனுக்கு ஆள் புடிச்சு அனுப்புதீரு?"

"கேட்டாவ சார்."

அவருடைய விளக்கம் எப்போதும் அவ்வளவுதான்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆள் இன்னும் இருக்கிறார். சொன்னால், "நான் அப்படிச் சொல்லலியே, இப்படில்லா சொன்னேன்" என்று என் வீட்டைத் தேடி வந்து திருத்துவார். நானும் அவரும் ஒரே வருஷம் ஒரே டெப்போவில் கண்டக்டராகச் சேர்ந்தவர்கள். நான் சங்கம், கொடி, மீட்டிங் என்று அலைந்து கிளைத் துணைச் செயலாளர் வரைக்கும் வந்தேன். அவர் சட்டையை மொடமொடவென்று தேய்த்துப் போட்டுக்கொண்டு டூட்டிக்கு வருவார், சந்தாவை ஒழுங்காகக் கட்டுவார், போவார்.

இதையெல்லாம் கேட்டு அவரை வாயாடி என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்தவர் சங்கதியை அவராக எடுத்து ஒரு நாளும் பேசியதில்லை. ரெஸ்ட் ரூமில் நாங்கள் ஊர்க்கதை அத்தனையும் பேசித் தீர்க்கும்போது ஒரு மூலையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருப்பார். கேட்டுவிட்டால்தான் வினை. தலையைத் தூக்கி மேலே ஓடுகிற ஃபேனைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். நடந்ததை முழுதாக ஞாபகப்படுத்திக்கொள்ளத்தான் அந்தப் பார்வை. பிறகு சொல்லிவிடுவார். எங்கள் கேன்டீனைப் புதிதாக எடுத்தவன் பாவம், இதெல்லாம் தெரியாமல், "சாம்பார் எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டு வைத்தான்.

"நேத்து வச்ச சாம்பாருக்கு இன்னைக்குத் தண்ணி விட்ருக்கீரு" என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு எச்சரிக்கை உண்டு. "அவர்ட்ட எதையும் கேட்டுப்புடாதீங்கவே."

அவருடைய கூடப்பிறந்த அக்காவின் மகனுக்கு வீரவநல்லூரில் பெண் பார்க்கப் போனார்கள். எல்லாம் பேசி முடிந்து பூ வைக்கிற நேரம். பெண்ணின் தகப்பனார் இவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டிருக்கிறார். "மாப்ளைக்குத் தாய்மாமன் நீங்க. பையன் எப்படி?" அந்த வீட்டிலும் ஃபேன் ஓடியிருக்கிறது. இவர் பார்த்திருக்கிறார்.

"நல்ல பையன். வேலையில கெட்டி. தாய் மேல உசுரு. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை குடிப்பான். குடிச்சா ரெண்டு நாளைக்கு எந்திரிக்க மாட்டான்."

தட்டில் வைத்த பஜ்ஜி ஆறுவதற்குள் சம்பந்தம் முறிந்துவிட்டது. அக்கா ஆறு வருஷம் அவரோடு பேசவில்லை. தீபாவளிக்கு அவள் வீட்டிலிருந்து வருகிற பலகாரம் நின்றது. இவர் போனால் உள்ளேயிருந்து கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கேட்டேன், "நல்ல பையன்னு சொன்னீருல்லா, அதோட நிறுத்தியிருக்கலாம்லாவே?"

"அந்தப் புள்ளையோட அய்யா என் கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டாருவே" என்றார். அக்கா என்றால் அவருக்கும் உயிர்தான். நான் இதை டெப்போ முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். அப்போது எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அவருக்குப் பதினோரு வருஷம் ஒரே டிரைவரோடு ஜோடி. டிரைவர் பெரிய உடம்பு, பெரிய குரல். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே பாடுவார். வழியில் தெரிந்த முகம் எதைப் பார்த்தாலும் ஹாரன் அடித்து நலம் விசாரிப்பார். குடிக்க மாட்டார், யாரையும் மரியாதைக் குறைவாகப் பேச மாட்டார். டிரைவர் சம்சாரம் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தூக்குவாளியில்தான் சோறு கொடுத்துவிடும். ஒருவர் வாயே திறக்க மாட்டார், இன்னொருவர் வாயை மூடவே மாட்டார், எப்படித்தான் ஒத்துப்போனதோ. டூட்டி சார்ட்டில் ஒருவர் பெயரை எழுதினால் அடுத்த பெயரைக் கேட்காமலே எழுதலாம்.

அந்த ரூட்டில் ஒரு ரயில்வே கேட் உண்டு. சாயங்கால டிரிப்பில் கேட்டை அடைப்பதற்குள் தாண்டிவிட வேண்டும். மாட்டினால் கால் மணி நேரம் போகும். அடுத்த டிரிப்புக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட முடியாது. ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் எடுக்க வேண்டும், அதுதான் சட்டம். கண்டக்டர் பின்படியைப் பார்த்து, ஆள் இறங்கியாயிற்று என்று தெரிந்துகொண்டுதான் இரண்டு விசில் கொடுக்க வேண்டும். ஆனால் கேட்டுக்கு முந்தின ஸ்டாப்பில் மட்டும் நாங்கள் யாருமே விசில் அடிப்பதில்லை. பின்படியில் தொங்குகிறவர்களில் யாராவது தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். டிரைவர் எடுத்துவிடுவார். இது இன்றோ நேற்றோ வந்த பழக்கம் இல்லை. நானும் அப்படித்தான் போனேன். எனக்கு முந்தினவர்களும் அப்படித்தான் போனார்கள்.

இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். பீடி சுற்றுவதற்குப் பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கிக்கொண்டு அவர்கள் பஸ்ஸில் வந்த ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தவள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் விலக்கி வரத் தாமதமாகிவிட்டது. எல்லாரும் இறங்கியாயிற்று என்று நினைத்து யாரோ தட்டிவிட்டார்கள். அவளுக்கு ஒரு கால் படியில், ஒரு கால் வெளியே. பஸ் நகர்ந்தது. பின் சக்கரம் வலது காலில் ஏறியது. கண்டக்டர்தான் இறங்கி ஓடி, தன் துண்டால் காலைக் கட்டி, ஒரு லோடு ஆட்டோவை மறித்துத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். தட்டியவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் சங்க ஆபீசில் உட்கார்ந்து டிரைவருக்கு வாக்குமூலம் தயார் செய்தோம். "எல்லோரும் இறங்கிய பின் கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தார். வண்டி புறப்பட்ட பிறகு மேற்படி பெண் வெளியிலிருந்து ஓடிவந்து ஏற முயன்று தவறி விழுந்தார்." என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதினவன் நான். டிரைவர், "ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சிருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டார்.

மிச்சம் இருந்தது கண்டக்டர். பேசிச் சரிக்கட்டச் சொல்லி என்னை அனுப்பினார்கள். போனபோது வீட்டில் காக்கிச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினேன். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு முழுதும் கேட்டார்.

"அப்படி நடக்கலியேவே."

"நடக்கலைன்னு எனக்குத் தெரியாதா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லும், போதும். பதினோரு வருசம் ஒரே தூக்குவாளியில தின்னுருக்கீரு."

"அதான் பயமா இருக்கு" என்றார். "என்கிட்ட கேக்காம இருக்க ஏதாவது வழி பாரும். கேட்டா எனக்கு வேற வராது."

அந்த வழியும் என்னிடம் இருந்தது. மெடிக்கல் லீவு. கண்டக்டர் உடம்பு சரியில்லாமல் கிடக்கிறார் என்றால் டிரைவர் வாக்குமூலத்தை வைத்தே விசாரணையை முடித்துவிடலாம், மேலே இருப்பவர்களுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. சொன்னேன். "லீவு போட்டா கேக்க மாட்டாவளா?" என்று என் முகத்தையே பார்த்தார். மாட்டார்கள் என்றேன். உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு புறப்பட்ட ஆள் இல்லை. தப்பித்துக்கொள்ள ஒரு சந்து கிடைத்தது, அவரும் அதில் நுழைந்துதான் பார்த்தார். நாலு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்.

ஐந்தாவது நாள் மனசு கேட்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். பக்கத்தில் அவளுடைய புருஷன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். ஓடுகிற பஸ்ஸில் போய் ஏறினாளாமே என்று ஊரே சொல்ல ஆரம்பித்து, அவனும் அதை நம்பி அவளைத் திட்டிக்கொண்டிருந்த நேரம். இவரைப் பார்த்ததும் அவள் எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, நீங்க வண்டிக்குள்ளதான இருந்தீங்க? நான் எறங்கிக்கிட்டுத்தான இருந்தேன்? சொல்லுங்க அண்ணாச்சி. நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ."

கேட்டுவிட்டாள்.

அங்கே என்ன பதில் சொன்னார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக டெப்போவுக்கு வந்தார். லீவை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "கேட்டுப்புட்டாவே" என்றார். நான் அவரைத் திட்டாத திட்டு இல்லை. அத்தனையும் நின்று வாங்கிக்கொண்டார்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. டிரைவர் ஒரு நாற்காலியில், அவர் ஒரு நாற்காலியில், சங்கத்தின் சார்பாக அவருக்குப் பக்கத்தில் நான். வந்த அதிகாரி நல்ல மனுஷர். சீக்கிரம் முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்கிற அவசரம் மட்டும் அவருக்கு இருந்தது. பதிலையும் சேர்த்தே கேட்டார்.

"எல்லாரும் இறங்கின பிறகு ரெண்டு விசில் கொடுத்தீங்க, டிரைவர் எடுத்தார். அப்படித்தானே?"

அவர் ஃபேனைப் பார்த்தார்.

"இல்ல சார். விசில் குடுக்கல. பின்னால யாரோ தட்டுனாவ, வண்டி நகந்துச்சு. அந்தம்மா எறங்கிக்கிட்டு இருந்தாவ. வெளியேருந்து ஓடி வரல. நான் நடுவுல டிக்கெட் போட்டுக்கிட்டு இருந்தேன். திரும்பிப் பாத்தேன். பாத்து விசில வாயில வைக்கிறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு திறந்தார். "அப்போ தப்பு டிரைவர் மேலன்னு சொல்றீங்களா?"

"அவர் மேலயும் உண்டு. அதுக்கு மேல என் மேல உண்டு. பின்படியப் பாக்க வேண்டியவன் நான். அந்த ஸ்டாப்புல ஒரு நாளும் நான் பாத்ததில்ல. கேட்டுக்கு முந்திப் போவணும்னு எங்க டெப்போவுல ஒருத்தரும் பாக்கிறதில்ல."

மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

"ஒருத்தருமா?" என்றார் அதிகாரி.

அவர் மிதிபட்ட காலை நகர்த்தவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. "ஒருத்தரும் சார்" என்றார். அந்த ஒருத்தரில் நானும் இருந்தேன்.

டிரைவர் பெரிய குரல்காரர், வாயைத் திறந்து மூடினார், அவ்வளவுதான். வெளியே வந்தபோது மரத்தடியில் அந்தப் பெண்ணின் புருஷன் நின்றுகொண்டிருந்தான். அவனும் கேட்டான். உள்ளே சொன்னதையே அவனிடமும் சொன்னார். அவன் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான். "மொத நாளே சொன்னாளே, மொத நாளே சொன்னாளே" என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிறகு நடந்ததை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. டிரைவர் சஸ்பெண்ட் ஆனார். இவருக்கும் இன்கிரிமென்ட் வெட்டு. டெப்போவில் இருந்த அத்தனை பேருக்கும் மெமோ வந்தது: எல்லா ஸ்டாப்பிலும் விசில், மீறினால் நடவடிக்கை. டிரைவர் சம்சாரம் ஒரு நாள் காலையில் டெப்போ வாசலுக்கு வந்து, எல்லாரும் பார்க்க, இவர் முகத்துக்கு நேராக மண்ணை வாரித் தூற்றியது.

"எங்க வீட்டுக்காரர் ஒமக்கு என்ன குத்தம் செஞ்சாவ? சொல்லும்! என்ன குத்தம் செஞ்சாவ?"

"எனக்கு ஒண்ணும் செய்யல தாயி" என்றார். தலைமயிரிலும் தேய்த்த சட்டையிலும் மண். தட்டிவிடக்கூட இல்லை. நின்றார்.

அவரோடு டூட்டிக்குப் போக எந்த டிரைவரும் சம்மதிக்கவில்லை. சார்ட்டில் பெயர் போட்டால் எதிரே பெயர் உள்ளவர் அன்று லீவு. அதனால் அவரை ஸ்பேர் என்று உட்கார்த்தி வைத்தார்கள். காலை ஐந்து மணிக்கு வந்து, மெஷினும் பையும் வாங்கிக்கொண்டு, மத்தியானம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த டிரைவர் யாராவது விவரம் தெரியாமல் கூட்டிக்கொண்டு போனால் உண்டு. அந்த டிரைவருக்கும் இரண்டாவது நாளே நாங்கள் விவரம் சொல்லிவிடுவோம். கண்டக்டரை வேறு டெப்போவுக்கு மாற்றச் சொல்லி மனுப் போட்டபோது மூன்றாவது கையெழுத்து என்னுடையது. மனு தள்ளுபடியானது. அந்த பெஞ்சில் அவர் பக்கத்தில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டோம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட மனிதனை இப்படி நடத்தினோம். தொழிலாளர் ஒற்றுமை என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டோம்.

சஸ்பெண்ட் ஆன டிரைவர் எட்டு மாதத்தில் திரும்ப வந்து வேறு டெப்போவுக்குப் போய்விட்டார். இவரோடு கடைசிவரை பேசவில்லை. அதைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு, "அவர் செய்யுதது ஞாயம்தான்" என்று இவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

நான் அவரை நினைத்துக்கொள்கிற இடம் வேறு. மெமோ வந்த பிறகு கேட்டுக்கு முந்தின ஸ்டாப்பில் நான் பின்படிக்குப் போய் நிற்க வேண்டியதாயிற்று. ஒரு கிழவர் மூட்டையை முதலில் இறக்கி வைப்பார், பிறகு கம்பியைப் பிடிப்பார், பிறகு ஒரு கால், பிறகு மறு கால். பைய, பைய. அங்கே கேட் அடைகிற மணி கேட்கும். இதற்குக் காரணமான அவரை நான் மனசுக்குள் கண்டபடி திட்டிக்கொண்டேதான் இரண்டு விசில் அடிப்பேன். இப்படி எத்தனையோ வருஷம். எத்தனை பேர் முழுக்காலோடு அந்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து போனார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. அதை நினைக்கிறபோது எனக்குப் புல்லரிக்கும். எங்களில் பேச்சாளர்கள் இருந்தார்கள், சிறைக்குப் போனவர்கள் இருந்தார்கள். நிர்வாகத்தை எதிர்த்து மேடையில் முழங்க எனக்கே வரும். பின்னால் கை தட்ட ஆள் இருக்கும். தன் ஆட்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, காலை மிதிப்பவனை வைத்துக்கொண்டு, "ஒருத்தரும்" என்று சொல்ல எங்களில் ஒரே ஒருவருக்குத்தான் வந்தது.

எங்கள் டெப்போவில் ஒருவர் ரிட்டயர் ஆனால் கடைசி டிரிப்புக்கு பஸ்ஸில் வாழை கட்டி மாலை போட்டு அனுப்புவோம். அவருக்குக் கடைசி நாளும் ஸ்பேர்தான். மெஷினையும் பையையும் ஒப்படைத்துவிட்டு வாசலைத் தாண்டிப் போனார். டைம் ஆபீசில் நான் குனிந்து எதையோ எழுதுகிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்தால் ஏதாவது கேட்டுவிடுவேனோ என்று எனக்குப் பயம். கேட்டால் சொல்லிவிடுவாரே.

போன ஆவணியில் முக்கூடலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸுக்கு நின்றேன். டீக்கடையில் அவர் இருந்தார். முடி முழுதும் வெளுத்திருந்தது. சட்டை அதே மொடமொடப்பு. என்னைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். இரண்டு டீ சொன்னேன். சர்க்கரை, பிரஷர், பேரப்பிள்ளைகள் எல்லாம் பேசினோம். அந்தப் பெண்ணுக்கு நஷ்டஈட்டுக் கேஸ் நல்லபடியாக முடிந்தது, கட்டைக்கால் வைத்துக்கொண்டு பீடிக்கடைக்குப் போய் வருகிறாள் என்றார். அக்காவும் சாகிறதுக்கு முந்தி அவரைக் கூப்பிட்டுப் பேசினாளாம். பஸ் வரக் காணோம். என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"என் மேல ஒமக்கு வருத்தம் உண்டுமாவே?"

கடையில் ஃபேன் இல்லை. தகரக் கூரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உண்டு" என்றார். "டிரைவர் பயத்துல கையெழுத்துப் போட்டாரு. பிள்ளைகள நெனச்சாரு. நீரு பயப்பட ஒண்ணும் இல்ல. யோசிச்சு, அழகா எழுதுனீரு."

மறுக்க என்ன இருக்கிறது? அப்படியே நடந்ததுதான். கண்ணில் நீர் முட்டியது, ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆழ்வார்குறிச்சி பஸ் வந்து நின்று, ஆள் இறக்கி, போயிற்று. நானும் ஏறவில்லை, அவரும் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு டீ சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவர் வேண்டாம் என்றால் அந்த இடத்தைவிட்டு எழுந்து போய்விடுவது என்று நினைத்துக்கொண்டேன். முகத்துக்காக ஒரு வார்த்தை சொல்கிற ஆள் இல்லை அவர்.

கூரையைப் பார்த்தார்.

"சொல்லும்" என்றார்.